குண்டு மலிவுதான், கையிருப்பு எங்கே?

1991 வளைகுடாப் போரின்போது, ஒரு குண்டு குறி வைத்த கட்டடத்துக்குள் நேராகப் போய் இறங்கும் படத்தைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. போர் முழுவதுமே அப்படித்தான் நடந்தது என்று பலரும் நம்பினார்கள். உண்மையில் அமெரிக்கா வீசிய குண்டுகளில் நூற்றுக்குச் சுமார் எட்டுதான் வழிகாட்டு குண்டுகள். மற்றவை போட்ட போக்கில் விழுந்து வெடித்தவை.

அந்த எட்டில் பெரும்பாலானவற்றை லேசர்தான் வழிநடத்தியது. விமானத்திலிருந்தோ தரையிலிருந்தோ ஒருவர் இலக்கின் மீது லேசர் கதிரைப் பாய்ச்ச வேண்டும். அது பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குண்டின் முனையிலுள்ள உணரி பின்தொடரும். 1965 முதல் நூற்றுக்கணக்கான முறை பறந்து தாக்கியும் விழாத வியட்நாமின் தான்ஹோவா பாலத்தை 1972 மே மாதம் சாய்த்தவை இத்தகைய குண்டுகளே. ஆனால் மேகமோ புகையோ புழுதியோ குறுக்கே வந்தால் கதிர் சிதறும், குண்டு வழி தவறும். ஈராக்கிலும் குவைத்திலும் இந்தத் தொல்லை தீரவே இல்லை.

போர் முடிந்ததும், மேகத்தைப் பொருட்படுத்தாத குண்டு வேண்டும் என்றார் அமெரிக்க விமானப்படைத் தளபதி மெரில் மெக்பீக். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: ஒன்றின் விலை 40,000 டாலரைத் தாண்டக் கூடாது. ராணுவத் திட்டங்களில் தொழில்நுட்பத்தை முதலில் முடிவு செய்துவிட்டு விலையைக் கடைசியில் பார்ப்பதுதான் வழக்கம். இங்கே விலை முதலில் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஜேடாம்.

ஜேடாம் தனிக் குண்டு அல்ல. கிடங்குகளில் ஏற்கெனவே குவிந்து கிடந்த பழைய குண்டுகளின் வாலைக் கழற்றிவிட்டுப் பொருத்துகிற ஒரு கருவித் தொகுப்பு. அதற்குள் ஜி.பி.எஸ். வாங்கி, அசைவை அளக்கும் உணரிகள், சிறு கணினி, மின்கலம், திரும்பக்கூடிய துடுப்புகள் இருக்கின்றன. விமானம் குண்டை விடுவிக்கும் முன் இலக்கின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் அதனுள் ஏற்றிவிடும். விழத் தொடங்கியதும் குண்டு தன் இடத்தைக் கணித்துக் கணித்துத் துடுப்புகளைத் திருப்பிக்கொள்ளும். செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைத்தால் குறியிலிருந்து சில மீட்டருக்குள் விழும். கிடைக்காவிட்டால் பிழை 30 மீட்டர் வரை போகும்.

விலை இறங்கியதற்கு விஞ்ஞானப் புதுமை மட்டும் காரணமில்லை. திட்ட மேலாளர் டெர்ரி லிட்டிலின் காலத்தில் 137 பக்கப் பணி விவரம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிகள் போய், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது. ராணுவத்துக்கென்றே தயாரான விலையுயர்ந்த சிப்புகளுக்குப் பதில் சந்தையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறைச் சிப்புகள் இடம்பிடித்தன. தொடக்க விலை சுமார் 18,000 டாலருக்கு வந்து நின்றது. ஒரு டோமஹாக் ஏவுகணைக்கு ஆகும் செலவில் இதைப் பல டஜன் வாங்கலாம். அரசாங்கக் கொள்முதலில் நான் அறிந்த மிகச் சிறந்த பாடங்களில் இது ஒன்று.

1999இல் மிசௌரியிலிருந்து புறப்பட்ட பி-2 விமானங்கள் ஜேடாமை முதன்முதலாக யூகோஸ்லாவியா மீது வீசின. மே 7 இரவு, பெல்கிரேடில் ஐந்து ஜேடாம்கள் கணித்த இடத்தில்தான் விழுந்தன. அந்த இடம் சீனத் தூதரகம். மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் இறந்தார்கள். ஆயுதக் கொள்முதல் அலுவலகம் ஒன்றைக் குறிவைத்தபோது இருப்பிடத்தைத் தவறாகக் கணித்துவிட்டோம் என்றது அமெரிக்கா. சீனா அதை ஏற்கவில்லை. கொடுத்த எண்களுக்குத்தான் குண்டு கட்டுப்படும். அங்கே யார் தூங்குகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. தவிர, பெரிய ரகக் குண்டுக்குள் 400 கிலோவுக்கும் மேல் வெடிமருந்து உண்டு. மீட்டர் கணக்கில் குறி தவறாவிட்டாலும் பக்கத்து வீடு தப்பாது.

சரி, மலிவாகிவிட்டது, தேவைப்படும்போது கிடைக்கிறதா? 2011இல் லிபியா மீது தாக்குதல் தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள் ஐரோப்பிய நேட்டோ நாடுகள் சிலவற்றில் வழிகாட்டு குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஐ.எஸ். அமைப்புக்கு எதிரான போரில், நிரப்புவதைவிட வேகமாகச் செலவழிக்கிறோம் என்று 2015இல் அமெரிக்க விமானப்படைத் தளபதி மார்க் வெல்ஷே ஒப்புக்கொண்டார். 2022இல் அமெரிக்கா உக்ரைனுக்கு அனுப்பிய ஸ்டிங்கர் ஏவுகணைகளுக்கு ஈடு செய்ய நினைத்தபோது, அவற்றின் உதிரி பாகங்கள் சில இப்போது தயாரிப்பிலேயே இல்லை, மின்னணுப் பகுதியை மறுபடி வடிவமைக்க வேண்டும் என்றது அவற்றைத் தயாரிக்கும் ரேதியான் நிறுவனம். சமாதான காலத்தில் ஆர்டர் குறைந்தால் உதிரி பாகம் செய்பவர் தொழிலை மாற்றிக்கொள்வார், தேர்ந்த தொழிலாளி வேறு வேலைக்குப் போவார். போர் வந்த பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அவர்களை ஒரே நாளில் திரும்பக் கொண்டுவர முடியாது.

உக்ரைன் இன்னொன்றையும் காட்டியது. ஒன்று சுமார் ஒரு லட்சம் டாலர் பெறும் எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டுகள், ரஷ்யா ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குலைத்ததும் குறி தவறத் தொடங்கின. கிடங்கில் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் பயன் குறைந்துவிட்டது.

நம் நாடும் இந்தக் கையிருப்பு நெருக்கடியைச் சந்தித்திருக்கிறது. கார்கில் போரில் 1999 ஜூன் 24 அன்று டைகர் ஹில் நிலையை மிராஜ் 2000 விமானம் லேசர் குண்டால் தாக்கியது. போர் முழுவதிலும் இந்திய விமானப்படை பயன்படுத்திய லேசர் குண்டுகள் பத்தைத் தாண்டவில்லை. டைகர் ஹில் தாக்குதலுக்கு ஒரு வாரம் முன்பு எதிரியின் முந்தோ தாலோ முகாமை அழித்தவை சாதாரண குண்டுகள். இன்று கௌரவ் போன்ற சறுக்குக் குண்டுகளை டி.ஆர்.டி.ஓ. உருவாக்கியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. இனி புதிய ஆயுதம் பற்றிய செய்தி வரும்போது அது எவ்வளவு தூரம் பாயும், என்ன விலை என்பதோடு நின்றுவிடாதீர்கள். மாதத்துக்கு எத்தனை தயாரிக்க முடியும், உள்ளிருக்கும் சிப்பும் உணரியும் எந்த நாட்டில் செய்யப்படுகின்றன என்பதையும் கேளுங்கள்.