உங்களுக்குத் தெரியுமா? கல்யாண சாவும் கருணைக் கொலையும்

சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் தொண்ணூறு வயதுப் பாட்டி போய்ச் சேர்ந்தால் மேளம் தூள் பறக்கும். பூப்பல்லக்கு, பட்டாசு, ராத்திரி முழுக்க கானா. பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். படுக்கையில் கிடந்து சீரழியாமல், பேரன் பேத்தி பார்த்துப் போனவருக்கு அது ‘கல்யாண சாவு’. கருணைக் கொலையை இன்று குறிக்கும் ‘யூத்தனேசியா’ என்ற கிரேக்கச் சொல்லின் முதல் பொருளும் கிட்டத்தட்ட இதுதான். ‘யூ’ என்றால் நல்ல. ‘தானட்டோஸ்’ என்றால் சாவு. அதில் டாக்டரும் இல்லை, ஊசியும் இல்லை.

• ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ், யாராவது வலியில்லாமல் சட்டென்று இறந்தார் என்று கேள்விப்பட்டால், தனக்கும் தன் குடும்பத்துக்கும் அப்படியொரு ‘யூத்தனேசியா’ வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாராம். எழுதி வைத்தவர் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். நம் மயிலாப்பூர் மாமாக்கள் ‘அனாயாச மரணம்’ கேட்டுச் சாமி கும்பிடுவதும் இதே வேண்டுதல்தான். கி.பி. 14 ஆகஸ்டில், மனைவி லிவியாவின் அணைப்பில் அகஸ்டஸ் உயிர் விட்டார். கேட்டது கிடைத்த சிலரில் ஒருவர்!

• மருத்துவத்துக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் பேக்கன், 1605-ல். பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும் மருத்துவர் கைகழுவிவிட்டுப் போகக் கூடாது, வலியைத் தணித்து வழியனுப்ப வேண்டும் என்பதே அவர் வாதம். இன்று நாம் ‘பாலியேட்டிவ் கேர்’ என்பது அதைத்தான். தீராத நோயாளி கேட்டால் உயிரையே முடித்து வைக்கலாம் என்ற அர்த்தம் பரவியது 1870-க்குப் பிறகு. அந்த ஆண்டு அப்படி ஒரு கட்டுரை எழுதியவர் சாமுவேல் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் மருத்துவர்கூட இல்லை.

• தமிழில் ‘கருணைக் கொலை’ அதிகம் புழங்குவது ஆஸ்பத்திரியில் அல்ல, கலெக்டர் ஆபீஸில். திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டங்களில், பட்டா கிடைக்காதவரும் பென்ஷன் வராதவரும் ‘எங்களைக் கருணைக் கொலை செய்துவிடுங்கள்’ என்று மனு கொடுப்பதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். சாவதற்கான மனு அல்ல அது. ஃபைலை நகர்த்தச் சொல்லும் மனு.

• தென் மாவட்டங்களில் முதியவர்களைக் குடும்பத்தாரே முடித்துவிடும் ‘தலைக்கூத்தல்’ கருணைக் கொலையா? இல்லை. அங்கே பெரும்பாலும் பெரியவரின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. தேசிய விருது பெற்ற ‘பாரம்’ படம் பேசியது இதைத்தான். சட்டத்தின் கண்ணில் அது வெறும் கொலை.

• வதைபடும் விலங்குகளுக்குக் கருணைக் கொலையை நம் சட்டம் எப்போதோ அனுமதித்துவிட்டது. அடையாறு ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கி வைத்த முயற்சியால் வந்த 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலேயே அதற்கு இடமுண்டு. 2018 ஏப்ரலில், எழுந்து நிற்க முடியாமல் கிடந்த சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரிக்கு, மருத்துவர் பரிசோதித்துச் சான்று தந்தால் அதைச் செய்யலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதற்குள் யானை தானாகவே இறந்துவிட்டது.

• மனிதர்களுக்கு ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் இன்றும் குற்றம். மீள வழியில்லாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை விலக்கிக்கொள்ளலாம். அதற்கும் மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் திறந்த கதவு இது. உச்ச நீதிமன்றத்தின் 2018 மார்ச் 9 தீர்ப்பு, ‘எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தந்தது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சியும், நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரியின் கையெழுத்தும் போதும். சிந்தாதிரிப்பேட்டைக்காரருக்கு நோட்டரி எழும்பூர் கோர்ட் பக்கமே கிடைப்பார். பிள்ளைகளை உட்காரவைத்து இதைப் பேசுவதுதான் பெரும்பாடு.