அம்மிச்சியின் சுகர் கணக்கு எங்கே போனது?



இந்த முறை செல்போன் பற்றி எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இது எங்கள் வீட்டில் அம்மா வைத்திருக்கும் போன்.

எங்கள் அம்மிச்சிக்கு சுகர் இருக்கிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் அவங்க விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் மிஷினில் பார்ப்பது என் வேலை. முதலில் நோட்டில்தான் எழுதினேன். அந்த நோட்டைக் கிழித்து என் தம்பி ராக்கெட் விட்டான். அதனால் போனில் ஒரு ஆப் இறக்கி, அதில் எழுத ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் ஒரு நாள்கூட விடவில்லை. (நோம்பி மூன்று நாள் தவிர!)

போன ஆடி மாதம் ஒருநாள் ஆப்பைத் திறந்தால், "இந்தச் சேவை நிறுத்தப்பட்டது" என்று மட்டும் வந்தது. அவ்வளவுதான். நான் எழுதியது எதுவும் எங்கள் போனில் இல்லையாம். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்ததாம்!

அந்த வாரம்தான் அம்மிச்சிக்கு விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி மயக்கம் வந்தது. சுகர் கூடினால் மட்டும் அல்ல, ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து. சர்க்கரைத் தண்ணி கொடுத்துத் தெளிய வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா, "இதுக்கு முன்னாடி எந்தெந்த நாள் காலைல குறைஞ்சிருந்துச்சு?" என்று கேட்டாங்க. தினமும் பார்த்தது நான்தான். ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கி, "ரெண்டு வாரம் மறுபடியும் எழுதிட்டு வா கண்ணு, பாத்து முடிவு பண்ணலாம்" என்றார்கள். அந்த இரண்டு வாரமும் அம்மா ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து அம்மிச்சியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. எனக்கும் தூக்கம் வரவில்லை.

தீபாவளிக்கு வந்த பெரியம்மா பையன் அண்ணாவிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் கம்ப்யூட்டர் படித்தவர். "நீ எழுதினது தப்பில்ல. அடுத்தவங்க வீட்டுல கொண்டுபோய் வெச்சதுதான் தப்பு" என்றார். பிறகு அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆப்புக்கும் உள்ளே மூலநிரல் என்று ஒன்று உண்டு. அது சமையல் பக்குவம் மாதிரி. ஹோட்டல்காரர் தன் மசாலா பக்குவத்தைச் சொல்ல மாட்டார். கடையை மூடினால் அந்த ருசியும் போச்சு. ஆனால் எங்கள் அம்மிச்சியின் அரிசிம்பருப்புப் பக்குவம் எங்கள் தெருவுக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஒரு பூண்டு கூடவும் போடலாம். இப்படி மூலநிரலை எல்லோரும் படிக்க, மாற்ற, மற்றவருக்குக் கொடுக்க அனுமதித்தால் அது திறந்த மூல மென்பொருள். ஓப்பன் சோர்ஸ் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட ஆப்களுக்கென்றே எஃப்-டிராய்டு என்ற இடம் 2010 முதல் இருக்கிறது. காசு இல்லை. நம் பெயர், போன் நம்பர் கேட்டுக் கணக்கு தொடங்கச் சொல்வதும் இல்லை. ஒரு ஆப்பில் நமக்குப் பிடிக்காத விஷயம் ஏதாவது இருந்தால், உதாரணமாக நம்மை வேவு பார்த்தால், அதன் பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டிருப்பார்கள். அங்கிருந்து டயாகார்டு என்ற ஆப்பை அண்ணா இறக்கிக் கொடுத்தார். சுகர் அளவு, சாப்பாடு, மருந்து எல்லாம் எழுதலாம். எழுதுவது நம் போனிலேயே இருக்கும். டாக்டரிடம் காட்ட பிடிஎஃப் ஆக எடுக்கலாம்.

"அண்ணா, போனே கெணத்துல விழுந்துட்டா?" என்று கேட்டேன். (எங்கள் வீட்டில் ஏற்கனவே ஒரு போன் விழுந்திருக்கிறது.) அதற்குத்தான் சிங்க்திங்.

சிங்க்திங் என்பது இரண்டு கருவிகளில் உள்ள ஒரே ஃபோல்டரை எப்போதும் ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள். ஸ்வீடனைச் சேர்ந்த யாக்கோப் போரி என்பவர் 2013-ல் வெளியிட்டார். நடுவில் எந்தக் கம்பெனியும் நம் கோப்பை வாங்கி வைத்துக்கொள்வது இல்லை. அம்மா போனிலிருந்து அண்ணாவின் லேப்டாப்புக்கு, பூட்டுப் போட்ட மாதிரி மறைகுறியாக்கிப் போகிறது. (அது அண்ணா ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப், இன்னும் ஓடுகிறது!) ஒவ்வொரு கருவிக்கும் 56 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அடையாளம் உண்டு. இரண்டு பக்கமும் "சரி" என்று ஒத்துக்கொண்டால்தான் சேரும். பெரிய கோப்பாக இருந்தால் துண்டு துண்டாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். அண்ணா வீட்டுக்கு வந்தால் இன்டர்நெட்டே வேண்டாம், ஒரே வைஃபையில் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சுகர் கணக்கைக் கோப்பாக எடுத்து அந்த ஃபோல்டரில் போடுவேன். போனும் லேப்டாப்பும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி இருந்தால்தான் அது போய்ச் சேரும். அண்ணா லேப்டாப்பைத் திறக்காத வாரம் எனக்குக் கோபமாக வரும்.

இன்னொரு விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கார்த்திகை மாதம் தம்பி கேம் ஏற்ற இடம் வேண்டும் என்று அந்த ஃபோல்டரில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டான். லேப்டாப்பிலும் அழிந்துவிட்டது! ஏன் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதானே அதன் வேலை. அழிப்பதையும் அது நேர்மையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நல்லவேளை, அழிந்த கோப்பைக் குப்பைத்தொட்டி மாதிரி ஒதுக்கி வைக்கும் வசதியை அண்ணா லேப்டாப்பில் முன்பே போட்டு வைத்திருந்தார். திரும்ப எடுத்தோம். தம்பிக்கு இரண்டு அடி கிடைத்தது.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்தக் கம்பெனி நிறுத்தின மாதிரி இவர்களும் நிறுத்திவிட்டால்? அண்ணா சிரித்தார். ஏற்கனவே நிறுத்திவிட்டார்களாம்! சிங்க்திங்கின் ஆண்ட்ராய்டு ஆப்பைப் பார்த்துக்கொண்டவர், இனி நடத்தப் போவதில்லை என்று 2024 அக்டோபரில் அறிவித்தார். அந்த டிசம்பரோடு அது முடிந்தது. ஆனால் அதே மூலநிரலை எடுத்து இன்னொருவர் சிங்க்திங்-ஃபோர்க் என்று தனியாக ஏற்கனவே வளர்த்து வந்திருந்தார். பெரிய வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்கால் பிரிகிற மாதிரிதான் ஃபோர்க். பழையது நின்றதும் நிறையப் பேர் இதற்கு மாறிக்கொண்டார்கள். எங்கள் போனில் இருப்பதும் அதுதான். பக்குவம் எல்லோர் கையிலும் இருந்ததால்தானே இது நடந்தது? அம்மிச்சியின் பழைய ஆப்பை அப்படி எடுத்து நடத்த யாராலும் முடியாது.

அடுத்தது தோழிகளுக்கு. டீச்சர் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன். நம் மாதக் கணக்கைக் குறித்து வைக்கும் ஆப்களும் உண்டு. ஃப்ளோ என்ற பிரபலமான ஆப், பெண்களின் உடல்நல விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றோடு பகிர்ந்தது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, அது 2021-ல் சமரசத்தில் முடிந்தது. ஜெர்மனியின் பெர்லினில் ஒரு குழு செய்த ட்ரிப் என்ற திறந்த மூல ஆப்பில் கணக்கு நம் போனுக்குள்ளேயே இருக்கும். பாஸ்வேர்டு போட்டும் பூட்டலாம். வீட்டில் ஒரே போன் என்றால் இது ரொம்ப முக்கியம்.

மூலநிரல் என்னால் படிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். அண்ணா காட்டினார், ஒன்றும் புரியவில்லை. திறந்த மூலம் என்றாலே எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். சிங்க்திங் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. அம்மா திட்டுறாங்க.

போன வாரம் டாக்டரம்மாவிடம் மூன்று மாதக் கணக்கைக் காட்டினோம். எந்தெந்த நாள் காலையில் குறைந்திருந்தது என்று அவங்களே விரல் வைத்துப் பார்த்து, ராத்திரி மாத்திரையை முழுசாக நிறுத்திவிட்டார்கள். அம்மிச்சி என் நோட்டையும் கொண்டு வந்திருந்தாங்க. (தம்பிக்கு எட்டாத உயரத்தில் இப்போது அதிலும் எழுதுகிறேன்.)

யாருக்காவது வேண்டும் என்றால் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், செய்முறையை எழுதித் தருகிறேன். அந்த 56 எழுத்தைக் கையால் எழுதி வர வேண்டாம். திரையில் வரும் கட்டம் போட்ட படத்தை மற்ற போனில் காட்டினாலே போதும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி