உங்களுக்குத் தெரியுமா? காசு போட்டால் நேரம் கிடைக்கும்!
வீட்டு டிவியில் இணைத்து விளையாடும் நின்டெண்டோ கருவியின் அதே வகைச் சில்லுகளைப் பெரிய பெட்டிக்குள் பொருத்தி, 1986இல் அமெரிக்க வீடியோகேம் கூடங்களுக்கு வந்தது 'பிளேசாய்ஸ்-10'. ஒரே இயந்திரத்தில் 10 விளையாட்டுகள் வரை வைக்கலாம். மற்ற பல இயந்திரங்களில் காசுக்கு 'உயிர்' கிடைக்கும். இதில் கிடைத்தது நேரம். அது தீரும்வரை எத்தனை முறை தோற்றாலும் ஆடலாம், நடுவில் வேறு விளையாட்டுக்கும் தாவலாம். கடையில் வாங்குமுன் ஆடிப் பார்க்க இதைவிட நல்ல வழி ஏது? 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' விளையாட்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1990 பிப்ரவரியில். அங்குள்ள சிறுவர்கள் 1989இலேயே இந்தப் பெட்டியில் அதைச் சுவைத்துவிட்டார்கள். எவ்வளவு பெரிய கொடுப்பினை!