வினைக்கு ஏற்ற கருவி

நுழையும்முன்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குதல் எளிது. நமக்கு வேண்டியது இன்னது எனத் தெளிந்து வாங்குதலே அரிது. வீட்டில் உடை தைப்பதற்குரிய கருவிகளையும் இயந்திரத்தையும் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. இதனைப் படித்தபின் வீட்டாரோடு கடைக்குச் சென்றால், உரிய வினாக்களை நீங்களும் கேட்கலாம்.

ஆலைத் தையலும் வீட்டுத் தையலும்

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர் ஹெப்பகோடி. அதன் அருகில் பொம்மசந்திரா தொழிற்பேட்டை உள்ளது. பெங்களூரின் ஆயத்த ஆடை ஆலைகளில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெண்கள். தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களும் அவர்களுள் உள்ளனர். உங்களுள் சிலருடைய அன்னையரோ சித்தியரோ அத்தகைய ஆலைகளில் வேலை செய்யலாம். ஆலையில் பல ஆண்டுகள் தைத்துப் பழகிய ஒருவர், “வீட்டிலும் ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டால் என்ன?” என்று எண்ணுவது இயல்பு.

ஆலையில் உள்ள இயந்திரத்தையே வீட்டிற்கும் வாங்கலாமா? இவ்வினாவுக்கு விடை காண, இருவகைத் தையலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஆலையில் ஒரு சட்டை பலர் கைகளைக் கடந்து உருவாகிறது. ஒருவர் கழுத்துப்பட்டி மட்டும் தைப்பார். மற்றொருவர் கையை இணைப்பார். வேறொருவர் காஜா எடுப்பார். துணியை அளந்து வெட்டும் பணி தனிப்பிரிவில் நடைபெறும். ஆதலால், தைப்பவர் முன் இயந்திரம் மட்டுமே இருக்கும். வீட்டிலோ அளப்பவரும் வெட்டுபவரும் தைப்பவரும் ஒருவரே. வீட்டுத் தையல் இயந்திரத்தில் தொடங்குவதில்லை. அளவு நாடாவிலும் கத்தரியிலும் தொடங்குகிறது.

திருவள்ளுவர் ‘வினைசெயல்வகை’ என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் ஐந்தனை ஐயமற ஆராய்ந்துகொள்ள வேண்டும் என்கிறார். கையில் உள்ள செல்வம், அதற்குரிய கருவி, தகுந்த காலம், செய்யும் வேலை, செய்யும் இடம் என்பன அவை. தையற்கருவி வாங்குவோர்க்கும் இவ்வைந்தும் வழிகாட்டும்.

வேலை எது?

முதலில் எதைத் தைக்கப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். கிழிந்ததைத் தைப்பதும், பொத்தான் வைப்பதும், காற்சட்டையின் அடிமடிப்பைச் சுருக்குவதுமே தேவையானால், கையூசியும் நூலும் போதும், இயந்திரம் வேண்டியதில்லை. பாவாடை, இரவிக்கை, தலையணை உறை முதலியன தைக்க நேர்த்தையல் போடும் இயந்திரம் போதும். பனியன் துணி போன்ற இழுபடும் துணிகளைத் தைக்க, வளைந்து வளைந்து செல்லும் ‘ஜிக்ஜாக்’ தையலும் தேவைப்படும். வெட்டிய ஓரங்கள் பிரியாமல் அடிப்பதற்கு ‘ஓவர்லாக்’ என்னும் தனி இயந்திரம் உண்டு. உங்கள் பள்ளிச் சீருடையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அத்தையலை அங்கே காணலாம். மாதத்திற்கு ஒன்றிரண்டு உடைகளே தைப்பவர், ஓரத்தை மட்டும் கடையில் கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

கைக்கருவிகள்

கைக்கருவிகளுள் முதலாவது அளவு நாடா. தையற்காரர் இதனை ‘இன்ச் டேப்’ என்பர். இது பெரும்பாலும் 60 அங்குல நீளமுடையது. ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். நாடா இழுத்தால் நீளாததாக இருத்தல் வேண்டும். வாங்கும்போது ஓர் உலோக அளவுகோலின்மீது வைத்து அளவைச் சரிபாருங்கள். நாடா பிழைபட்டால் உடை முழுவதும் பிழைபடும்.

இரண்டாவது கத்தரிக்கோல். துணி வெட்ட 8 முதல் 10 அங்குல நீளமுள்ள கத்தரி ஏற்றது. அதன் கைப்பிடி சற்று வளைந்திருந்தால், துணியை மேசையிலிருந்து தூக்காமலே நேராக வெட்டலாம். கத்தரியின் நுனி வரை துணி சீராக வெட்டுப்பட வேண்டும். நுனியில் துணி மடிந்து சிக்கினால் அக்கத்தரி வேண்டா. துணிக்கத்தரியால் தாளை வெட்டுதல் கூடாது. கூர்மை விரைவில் மழுங்கிவிடும். நூல் நறுக்கச் சிறு கத்தரி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு குறியிடும் சாக்கட்டி, குண்டூசிகள், கையூசிகள், தவறிய தையலைப் பிரிக்கும் சிறு கருவி, இஸ்திரிப் பெட்டி ஆகியனவும் தேவை. ஒவ்வோர் இணைப்பையும் தைத்தவுடன் தேய்த்தால்தான் உடைக்கு வடிவம் கிடைக்கும். புதிய பருத்தித் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுதல் நலம். இல்லையெனில், தைத்தபின் முதல் சலவையிலேயே உடை சுருங்கிவிடக்கூடும்.

ஊசியின் எண்

இயந்திர ஊசியின் உறைமீது 11/75, 14/90, 16/100 என இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது எண், ஊசித் தண்டின் பருமனை மில்லிமீட்டரின் நூறில் பங்காகக் குறிக்கும். 90 என்றால் 0.90 மில்லிமீட்டர். மெல்லிய துணிக்கு 11, நடுத்தரப் பருத்தித் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16, ஜீன்ஸ் போன்றவற்றுக்கு 18 எனத் தேர்ந்தெடுக்கலாம். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும். கூர்முனை ஊசி அதன் இழைகளை அறுத்து ஓட்டை உண்டாக்கும்.

வீட்டு இயந்திர ஊசியின் மேற்பகுதி ஒருபுறம் தட்டையாக இருக்கும்; ஆலை இயந்திர ஊசியின் மேற்பகுதி உருண்டையாக இருக்கும். ஒன்றை மற்றொன்றில் பொருத்திப் பயன்படுத்த இயலாது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் உடனே இயந்திரத்தைக் குறை கூற வேண்டா. முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள்.

இயந்திரத்தின் வகைகள்

கால்மிதி இயந்திரம், கையால் சுழற்றும் இயந்திரம், சிறு மின் இயந்திரம், ஆலை இயந்திரம் என நான்கு வகைகளை நாம் பொதுவாகக் காண்கிறோம்.

கால்மிதி இயந்திரத்திற்கு மின்சாரம் தேவையில்லை. வேகம் கால்வழியே நம் கட்டுப்பாட்டில் இருக்கும். பழுது நீக்குவோர் எளிதில் கிடைப்பர். ஆயினும், அதன் இரும்புச் சட்டம் நிலையான இடத்தை அடைத்துக்கொள்ளும். கையால் சுழற்றும் இயந்திரம் சிறிது இடத்தில் அடங்கும். ஆனால், ஒரு கை சக்கரத்திற்குச் சென்றுவிடுவதால் துணியைப் பிடிக்க ஒரு கையே எஞ்சும்.

சிறு மின் இயந்திரத்தை மேசைமீது வைத்துத் தைத்து, வேலை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம். ஜிக்ஜாக், காஜா, பூத்தையல் முதலியன அதில் உண்டு. பல வடிவத் தையல்கள் இருப்பதாலேயே அது சிறந்தது என்று கருதுதல் கூடாது. நாள்தோறும் பயன்படுவன நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் காஜாவுமே.

ஆலை இயந்திரம் நிமிடத்திற்கு 4,000 முதல் 5,000 தையல்கள் வரை போடவல்லது. வீட்டு மின் இயந்திரமோ ஏறத்தாழ 700 முதல் 1,000 தையல்கள் போடும். ஒரே தையலை நாள்முழுதும் போடுவதற்கே அவ்வேகம் தேவை. கழுத்து வளைவைத் திருப்பித் திருப்பித் தைக்கும் வீட்டு வேலைக்கு அது மிகை. மேலும், அதன் மேசை கனமானது. அதிர்வும் ஓசையும் மிகுதி. விற்பனைக்கு நாள்தோறும் பல உடைகள் தைப்பவர்க்கு அது முதலீடு. ஓய்வுநேரத்தில் பிள்ளைகளுக்குத் தைப்பவர்க்கு அது சுமை.

இடமும் காலமும்

ஒற்றை அறையும் சமையலறையும் கொண்ட வாடகை வீட்டில் இயந்திரத்தை எங்கு வைப்பது என்பதை வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். இயந்திரம் நிற்கும் இடத்தோடு நாற்காலிக்கும், விரித்த துணிக்கும் இடம் வேண்டும். ஊசிமுனைமீது வெளிச்சம் விழ வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், தைத்து முடித்ததும் மின்னிணைப்பை நீக்கிவிடுதல் கட்டாயம்.

தைக்கும் காலத்தையும் எண்ணுக. ஆலைப்பணி முடிந்து வருவோர்க்கு இரவே ஓய்வு. அப்போது அண்டை வீட்டார் உறங்குவர். ஓசை குறைந்த இயந்திரமே அங்குப் பொருந்தும்.

பொருளின் கணக்கு

தையல் தொழிலாளியின் சேமிப்பு எளிதில் வந்ததன்று. தொழிலாளர் வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க இயலாது எனும் விதி 2016ஆம் ஆண்டு வந்தபோது, ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் ஆயத்த ஆடைத் தொழிலாளர் பல்லாயிரவர் பெங்களூரின் சாலைகளில் திரண்டனர். ஓசூர்ச் சாலையும் ஹெப்பகோடியும் அப்போராட்டத்தைக் கண்டன. ஏப்ரல் 19 அன்று நடுவண் அரசு அவ்விதியைத் திரும்பப் பெற்றது. சேமித்த பணம் தேவைப்படும் காலத்தில் கைக்கு எட்ட வேண்டும் என்பதே அவர்களின் கவலை. அத்தகைய பணத்தை ஒரு பொருளில் இடும்போது கணக்குப் பார்த்தல் கடமை.

ஓர் இயந்திரத்தின் விலை 9,000 ரூபாய் என்றும், ஓர் உடைக்குத் தையற்கூலி 150 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நூல், ஊசி முதலியவற்றிற்கு 30 ரூபாய் கழித்தால், வீட்டில் தைக்கும் ஒவ்வோர் உடைக்கும் 120 ரூபாய் மிஞ்சும். 75 உடைகள் தைத்தபின்னரே இயந்திரத்தின் விலை மீளும். மாதம் மூன்று உடைகள் தைத்தால் 25 மாதங்கள் ஆகும். இக்கணக்கை உங்கள் ஊர் விலைகளைக்கொண்டு வீட்டாரோடு அமர்ந்து போட்டுப் பாருங்கள்.

தொழிலாகவே தைப்போர்க்கு அரசின் துணையும் உண்டு. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் தையற்கலைஞரும் இடம்பெறுகின்றனர். தகுதியுடையோர் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி பெறலாம்.

கடையில் சோதிக்கும் முறை

கடைக்குச் செல்லும்போது வீட்டிலிருந்து மெல்லிய துணி ஒன்றும், தடித்த துணி ஒன்றும், இரு நிற நூல்களும் எடுத்துச் செல்க.

1. சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கம் மெல்லச் சுழற்றுக. அது தடையின்றிச் சுழல வேண்டும்.

2. மேலே ஒரு நிற நூலும், கீழே பாபினில் வேறு நிற நூலும் இட்டுத் தைக்கச் சொல்லுக. பாபின் நூல் மேற்புறத்தில் தெரிந்தால் மேல்நூலின் இறுக்கம் மிகுதி. மேல்நூல் அடிப்புறத்தில் தெரிந்தால் இறுக்கம் குறைவு. இறுக்கத்தைத் திருத்தியபின்னும் தையல் சீராகாவிடில் அவ்வியந்திரம் வேண்டா.

3. தடித்த துணியை நான்காக மடித்துத் தைத்துப் பார்க்க. பின்னர் வளைவாகவும் தைக்க.

4. பாபின், பாபின் கேஸ், பெல்ட் ஆகிய உதிரிகள் அருகிலேயே கிடைக்குமா எனக் கேட்க. பழுது நீக்குபவர் யார் எனவும் அறிக.

5. பட்டியலையும் உத்தரவாதச் சீட்டையும் மறவாமல் பெறுக.

பழைய இயந்திரமாயினும் இவ்வைந்து சோதனைகளில் முதல் நான்கினையும் கடந்தால் நம்பி வாங்கலாம். துணிவணிகத்திற்குப் பெயர்பெற்ற சிக்பேட்டைக்குச் சென்றாலும், தெருமுனைக் கடைக்குச் சென்றாலும் முறை ஒன்றே. பெரியோரை விற்பவர் அவசரப்படுத்தினால், “இன்னும் ஒருமுறை தைத்துக் காட்டுங்கள், அண்ணா” என்று நீங்கள் பணிவோடு கேட்கலாம்.

தொகுப்புரை

விலை மிகுந்தது நல்லது என்பதும், ஆலையில் உள்ளது வீட்டிற்கும் உகந்தது என்பதும் பொருந்தா எண்ணங்கள். முதலில் வேலையை அறிதல், அடுத்து நாடாவும் கத்தரியும் நல்லனவாக வாங்குதல், கையால் தைத்துப் பழகுதல், அதன்பின் இடத்திற்கும் சேமிப்பிற்கும் ஏற்ற இயந்திரத்தைச் சோதித்து வாங்குதல் என்பதே முறை. தையற்கலை ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது. அறுந்த பொத்தானைத் தாமே தைத்துக்கொள்ளும் மாணவர், அக்கலையின் முதற்படியில் கால் வைத்தவர் ஆவர்.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு நாட்டின் பார்த்தலெமி திமோனியே 1830இல் தையல் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். தம் பிழைப்புப் போய்விடும் என அஞ்சிய தையற்காரர்கள் அவர்தம் இயந்திரங்களை உடைத்தனர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகளும், 1924இல் சிங்கர் தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்துப் பேசினார். 1930களில் கல்கத்தாவில் ‘உஷா’ தையல் இயந்திரங்கள் உருவாகத் தொடங்கின.

சொல்லும் பொருளும்

ஐயமற – சந்தேகம் இல்லாமல்
மிகை – தேவைக்கு மேற்பட்டது
நடுவண் அரசு – மத்திய அரசு
உதிரிகள் – இயந்திரத்தின் தனித்தனி உறுப்புகள்

பயிற்சி

1. ஆலைத் தையலுக்கும் வீட்டுத் தையலுக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனை எழுதுக.

2. ‘நூல்’ என்னும் சொல்லை இருபொருளில் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.

3. கன்னடத்தில் ஊசியைச் ‘சூஜி’ என்றும், நூலைத் ‘தார’ என்றும், கத்தரியைக் ‘கத்தரி’ என்றும் வழங்குவர். இவ்வாறு இருமொழியிலும் ஒத்தும் வேறுபட்டும் வரும் சொற்கள் ஐந்தனைத் தொகுக்க.

4. உங்கள் வீட்டில் தைக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டு, அவர் முதலில் வாங்கிய கருவி எது, ஏன் எனக் கேட்டு ஒரு பத்தி எழுதுக.