பல யந்திரங்கள், ஒரே சேவை

1902-ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியினின்று சுமார் 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்க வயலுக்கு மின்சக்தி கொண்டுவரப்பட்டது. இத்தகைய மின் நிலையங்களில் ஒரே ஜெனரேட்டரை நம்புவதில்லை. பலவற்றை இணைத்துச் சுமையைப் பகிர்ந்தளிப்பர். மொழி மாதிரிகளை இயக்கும் கணிப்பொறிகளுக்கும் இம்முறையே பொருந்தும்.

மொழி மாதிரி என்பது, ஏராளமான எழுத்துக்களை ஆராய்ந்து, அடுத்து வரக்கூடிய சொற்கூறு யாதெனக் கணிக்கப் பயின்ற ஓர் அமைப்பாகும். இதனை ஒரு நிறுவனம் தன் கட்டடத்திலேயே இயக்கினால், விபத்து அறிக்கைகளும் நோயாளிகளின் குறிப்புகளும் வெளியே செல்ல வேண்டுவதில்லை. ஆயின், இடைவிடாது இயக்கும் பொறுப்பும் அந்நிறுவனத்தையே சாரும்.

முதலில் இடக்கணக்கைப் பார்ப்போம். 700 கோடி எண்களாலான மாதிரிக்கு, எண்ணொன்றுக்கு 2 பைட் வீதம், 14 ஜிகாபைட் நினைவகம் தேவை. எண்ணொன்றை 4 பிட்டாகச் சுருக்கினால் 3.5 ஜிகாபைட் போதும். எனினும் விடையின் நுட்பம் ஓரளவு குறையக்கூடும். 7,000 கோடி எண்களுக்கோ 140 ஜிகாபைட் வேண்டும். 80 ஜிகாபைட் நினைவகமுள்ள ஜி.பி.யூ. ஒன்றில் இது அடங்காது.

ஆகவே, இரு வழிகள் உள்ளன. சிறிய மாதிரியாயின், ஒவ்வொரு யந்திரத்திலும் முழுப் பிரதியொன்றை வைத்து, வரும் வினாக்களைப் பங்கிடலாம். பெரிய மாதிரியாயின், அதனைப் பல ஜி.பி.யூ.க்களுக்குப் பகுத்தளிக்க வேண்டும். பகுதிகள் ஓயாது தம்முள் எண்களைப் பரிமாறுவதால், கூடிய வரை அவற்றை ஒரே யந்திரத்திற்குள் அமைப்பது நலம். யந்திரங்களுக்கிடையேயுள்ள வலைத்தொடர்பு அத்துணை வேகமானதன்று.

வினாக்களைப் பங்கிடும் நிரல், வரிசை எங்கு நீளமாயிருக்கிறது, எந்த யந்திரம் பதிலளிக்கவில்லை என்பவற்றை அடிக்கடி சோதித்தறிய வேண்டும். ஓர் உரையாடலின் முற்பகுதிக்குரிய இடைக்கணக்குகள் ஒரு யந்திரத்தின் நினைவில் இருப்பின், தொடரும் வினாவையும் அங்கேயே அனுப்புவது சிக்கனமாகும். எல்லா யந்திரங்களிலும் மாதிரியின் ஒரே பதிப்பு இருத்தல் அவசியம். இல்லையேல் ஒரே வினாவுக்கு இடத்திற்கிடம் வெவ்வேறு தரமான விடை கிடைக்கும். பெரிய மாதிரியை நினைவகத்தில் ஏற்ற நேரம் பிடிக்குமாதலால், மிகுதியாகப் பயன்படுவதை எப்போதும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

இறுதியாக, உபரித்திறன். ஒரே வகையான மூன்று யந்திரங்கள் உள்ள இடத்தில், உச்ச நேரத்திலும் ஒவ்வொன்றின் சுமை மூன்றில் இரு பங்குக்கு மிகலாகாது. அப்போதுதான் ஒன்று நின்றாலும் மற்ற இரண்டும் அதன் வேலையை ஏற்றுச் சேவையைத் தொடர இயலும்.