மரங்களும் மழலையர் கைவேலையும்

சிறு குழந்தைகள் பயிலும் வகுப்பறை எதனுட் புகுந்து நோக்கினும், சுவரின்மீது மரம் ஒன்று நிற்கக் காணலாம். பழுப்புத் தாளில் வெட்டிய அடிமரம். அதன்மேல் முகில்போல வளைத்து ஒட்டிய பச்சைத் தாள். அதனிடையே செந்நிறப் பழங்கள் ஐந்தாறு. சில பள்ளிகளில் அது முக்கோணங்களை அடுக்கினாற்போலக் கூர்த்து நிற்கும் பனிநாட்டு ஊசியிலை மரமாகவே இருக்கும். அதன் பெயர் யாது என வினவினால், குழந்தை 'மரம்' என்று விடை கூறும். அரிச்சுவடியில் 'ம' என்னும் எழுத்தின் அருகே நிற்பதும் இத்தகைய பெயரிலா மரமே அன்றோ? விருத்தாசலத்திற்குக் கிழக்கே கம்மாபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில், வேம்பும் புளியும் பனையும் முந்திரியும் கண்டு வளரும் பிள்ளை, பள்ளிக்குள் நுழைந்தவுடன் அவற்றை மறந்து, தான் ஒருகாலும் தொட்டறியாத மரத்தை ஒட்டிப் பழகுவது விந்தையே. நம் கல்லூரியினின்று செல்லும் மாணவருட் பலர் ஆசிரியராவர். ஆசிரியராகாதோரும் பெரும்பாலும் பெற்றோராவர். ஆதலின், மரங்களைக்கொண்டு மழலையர்க்குக் கைவேலையும் அறிவும் ஒருங்கே புகட்டும் வகை சிலவற்றை ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

கைவேலையால் கல்வி என்னும் கொள்கை நமக்குப் பல வழிகளில் வந்தது. செர்மனி நாட்டுப் பிரோபெல் என்பார் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தொடங்கிய பள்ளியே பின்னர்க் 'கிண்டர்கார்ட்டன்', அஃதாவது சிறார் தோட்டம், எனப் பெயர் பெற்றது. அவர் இளமையில் வனத்தொழில் வல்லார் ஒருவரிடம் மாணாக்கராய் இருந்து மரங்களிடையே திரிந்தவர். அவருடைய முறை கடல் கடந்து வந்தபோது தாளும் பசையும் கத்தரிக்கோலும் வந்து சேர்ந்தன. காடு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த மாண்டிசோரி அம்மையாரின் முறையும் கைக்கும் கண்ணுக்கும் வேலை தருவனவே. ஆயினும் கையிற் கொடுக்கும் பொருள் எவ்வூரினது என்னும் வினாவை ஆசிரியரே தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் வேண்டும்.

நம் பகுதியின் ஊர்ப்பெயர்களே முதற்பாடமாகத் தக்கன. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பழம்பெயர் தில்லை மரத்தால் வந்தது. அம்மரம் இன்றும் பிச்சாவரத்து உப்பங்கழிகளில் சுரபுன்னையோடு வளர்கின்றது. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் பாதிரி மரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது. நெல்லிக்குப்பம், ஆலப்பாக்கம் ஆகியவற்றின் பெயர்ப்பொருளைப் பிள்ளைகளே கூறிவிடுவர். விருத்தாசலத்துக் கோயிலின் தலமரம் வன்னி. பாட்டியின் ஊர், மாமன் ஊர் என்று ஒவ்வொரு பிள்ளையும் தான் அறிந்த ஊர்ப்பெயர்களைக் கூற, மரப்பெயர் ஒளிந்திருப்பனவற்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வரலாம். அரைமணி நேரத்தில் பலகை நிறைந்துவிடும்.

இனிக் கைவேலைக்கு வருவோம். மிக எளியது பட்டைப்படி எடுத்தல். மெல்லிய தாளை அடிமரத்தோடு அழுத்திப் பிடித்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தால், மேடான இடங்களில் நிறம் பற்றும்; பள்ளங்கள் வெள்ளையாய் நிற்கும். வண்ணக்குச்சி இல்லாவிடில் அடுப்புக்கரி போதும். வேம்பின் நெடும்பிளவுகளும், புளியின் குறுக்கும் நெடுக்குமான வெடிப்புகளும், கொய்யாவின் வழவழப்பும், தென்னையின் வளையங்களும் தாளில் வெவ்வேறாய்ப் பதியும். பின்பு தாள்களைக் கலைத்துப்போட்டு, 'இஃது எந்த மரம்?' எனக் கேட்டு, பிள்ளைகளை மரத்தடிக்கே அனுப்பி ஒப்பிட்டு வரச் செய்யலாம். பட்டை வெடிப்பானேன் என்று பிள்ளை கேளாமல் இராது. மரம் பட்டைக்கு உட்புறத்தே ஆண்டுதோறும் பருக்கின்றது; வெளிப்பட்டையோ உயிரற்றது, பருக்க மாட்டாது; ஆகவே வெடிக்கின்றது. இதனை விளக்கச் சென்ற ஆண்டுச் சட்டையை இவ்வாண்டு அணிந்துவந்த பையன் ஒருவனைக் காட்டினால் போதும். ஆனால் அவன் நாணாதவாறு காட்டல் வேண்டும்.

தென்னையும் பனையும் இவ்வாறு வெடியாமல் வளையங்களோடு நிற்பது பழந்தமிழர் கண்ட வேறுபாட்டையும் நினைவூட்டும். வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கின்றது. அதன்படி பனையும் தென்னையும் புல்லினமே. இன்றைய தாவர நூலாரும் அவற்றை நெல், கரும்பு, மூங்கில் முதலிய புல்வகைகளோடு ஒருவித்திலைத் தாவரங்களுள் வைத்தெண்ணுகின்றனர். விறகுக்கடையிலிருந்து புளியங்கட்டைத் துண்டு ஒன்றும் பனந்துண்டு ஒன்றும் கொணர்ந்து வைத்தால், எதன் நடு கரியது, எதன் ஓரம் கரியது என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் விரலால் சுட்டும். இலக்கணம் பிற்காலத்தில் வரட்டும். கண் இப்போதே கண்டுகொள்ளும்.

இலைகளைக்கொண்டு செய்யும் வேலை எங்கும் நடப்பதே. ஆயினும் இலையின் மேற்புறத்தில் வண்ணம் பூசி அச்சிட்டு, படம் தெளியவில்லையே என்று ஆசிரியர் பலர் அலுத்துக்கொள்கின்றனர். நரம்புகள் புடைத்திருப்பது அடிப்புறத்தில். அங்குப் பூசினால்தான் அச்சு விழும். மற்றொன்று: 'வேப்பிலை ஒன்று கொண்டு வா' என்றால் பிள்ளை பல்விளிம்புடைய சிறு துண்டு ஒன்றையே கிள்ளி வரும். அது சிற்றிலை, காம்போடு கூடிய முழுவரிசையும் சேர்ந்ததே ஓர் இலை. எவ்வாறு அறிவது எனில், இலை கிளையோடு சேரும் கக்கத்தில் சிறு மொட்டு இருக்கும்; சிற்றிலையின் அடியில் மொட்டு இராது. மொட்டைத் தேடுவது பிள்ளைகட்குப் புதையல் தேடுவது போன்ற இன்பம் தரும். புளியின் சிற்றிலைகள் மாலையில் ஒன்றோடொன்று கூம்புவதை வீட்டில் பார்த்து வருமாறு ஏவலாம். வீட்டுப்பாடங்களுள் இதற்கு மட்டும் எவரும் முகம் சுளிப்பதில்லை.

அரசிலையின் நரம்புவலை எடுப்பது சற்றுப் பொறுமை வேண்டும் வேலை. முதிர்ந்து உதிர்ந்த இலைகளை மட்பாண்டத்து நீரில் மூன்று நான்கு வாரம் ஊறவைத்தல் வேண்டும். இடையிடையே நீரை மாற்றாவிடில் நாற்றம் பொறுக்கலாகாது. தலைமையாசிரியர் அறைக்கு அருகில் அப்பானையை வைக்காதிருப்பதே நன்று. மெல்லிய சதை அழுகியபின், இலையைத் தட்டிலுள்ள நீரில் கிடத்தி மென்தூரிகையால் வருடினால், சிலந்திவலையினும் நுண்ணிய நரம்புப் பின்னல் எஞ்சும். அதனைப் புத்தகத்தினுள் வைத்து உலர்த்தி வண்ணம் தீட்டலாம். நரம்பு எவ்வழி நீரைக் கொண்டுசெல்கின்றது என்பதை அதினும் தெளிவாய்க் காட்டும் படம் எந்நூலிலும் இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது. நல்ல களிமண் கிட்டும் அவ்வட்டாரத்தார் இலையின் அடிப்புறத்தை மண் வில்லையில் அழுத்திப் பதிவெடுத்து, வெடிக்காதவாறு நிழலில் உலர்த்தலாம்.

பனையைப்பற்றிச் சற்று விரித்துரைக்க விழைகின்றோம். தமிழ்நாட்டின் மாநில மரம் எனப் பெயர் பெற்றிருந்தும், பள்ளிச் சுவர்களில் அதற்கு இடமில்லை. குருத்தோலையில் காற்றாடி, கிலுகிலுப்பை, கிளி ஆகியவை முடையத் தெரிந்த முதியோர் இன்னும் பல ஊர்களில் உளர். பனையேறும் ஒருவரையோ ஓலை முடையும் மூதாட்டி ஒருவரையோ மதிப்போடு பள்ளிக்கு அழைத்து ஆசிரியர் நாற்காலியில் இருத்தினால், பிள்ளைகள் கற்பது முடைதல் மட்டுமன்று. நுங்கு தின்ற கூந்தல் இரண்டைக் குச்சியால் இணைத்துக் கவைக்கோலால் உருட்டும் வண்டியைப் பிள்ளைகளே ஆசிரியருக்குச் செய்து காட்டுவர். சக்கரம், அச்சு என்னும் சொற்களைக் கற்பிக்க இதனினும் மலிவான கருவி உண்டோ?

மூன்றாம் வகுப்பிற்கு மேற்பட்டோர் ஓலையில் எழுதிப் பார்த்தல் வேண்டும். ஓலையை ஈர்க்கு நீக்கி நறுக்கி, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து ஆசிரியர் ஆயத்தம் செய்து தரலாம். எழுத்தாணிக்கு ஈடாக முனை மழுங்கிய ஆணி போதும். கீறியபின் விளக்குக்கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவித் துடைத்தால், கண்ணுக்குப் புலப்படாதிருந்த எழுத்துக்கள் கருத்துத் தோன்றும். அக்கணத்தில் வகுப்பில் எழும் ஆரவாரத்தை எவரும் அடக்க முயலற்க. மெய்யெழுத்தின் புள்ளியை அழுத்தி இடும் பிள்ளை ஓலையைத் துளைத்துவிடும். பழைய ஏடுகளில் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டிருப்பதன் காரணத்தை அத்துளையே சொல்லும். குற்றெழுத்தும் நெட்டெழுத்தும், மெய்யும் உயிர்மெய்யும் வேறுபாடின்றி மயங்கிய அத்தகைய ஏடுகளை ஆராய்ந்தே உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார் என்று அப்போது கூறினால், அப்பெரியாரின் உழைப்பு இன்னதென்று பிள்ளைக்குக் கையளவிலேனும் விளங்கும்.

ஆவணி புரட்டாசியில் பனங்கொட்டை இருபதைப் பள்ளித் தோட்டத்து மணலில் புதைத்தால், பொங்கலுக்குள் கிழங்கு ஆயத்தம். மற்ற விதைகள் மேல்நோக்கி முளைவிட, பனையோ முளையை முதலில் கீழ்நோக்கி மண்ணுள் செலுத்தி அங்கேயே கிழங்காகத் திரட்டுகின்றது. பாதியைத் தோண்டி வேகவைத்துத் தின்னலாம், பாதியை வளரவிடலாம். தின்பதும் பாடமே. வேப்பங்கொட்டையை மட்டும் பழம் உதிர்ந்த சில வாரங்களுக்குள் விதைத்தல் வேண்டும். வைத்திருந்தால் முளைக்கும் திறன் இழந்துவிடும். புளியங்கொட்டையால் எண்ணும், ஒற்றை இரட்டையும், கூட்டலும் கற்பிப்பது நம் வீட்டுத் திண்ணைகள் அறிந்ததே.

மரம் வளரும் வகையை அறியச் செய்யும் செயல் ஒன்று நமக்கு மிக உவப்பானது. பள்ளி முற்றத்து மரத்தின் அடியில், முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தலையுயரத்திற்குச் சுண்ணாம்பால் கோடிட்டு, அதே உயரத்தில் சுவரிலும் ஒரு கோடிடுக. அடுத்த ஆண்டு மரத்தின் கோடு எவ்வளவு மேலே சென்றிருக்கும் என்று கேட்டால், பிள்ளைகள் தத்தம் மதிப்பைக் கூவுவர். ஆசிரியருள்ளும் சிலர் கூவக்கூடும். ஆண்டு கழித்துப் பார்க்கின், கோடு இருந்த இடத்திலேயே இருக்கும், பிள்ளை உயர்ந்திருக்கும். மரம் நெடிது வளர்வது கிளை நுனிகளில். அடிமரம் பருக்குமேயன்றி நீளாது. பருத்ததை அறியக் கோட்டின்மேல் நூல் சுற்றி அளந்து, அந்நூலைத் தேதியோடு தாளில் ஒட்டி வைக்கலாம். இதற்காக மரத்தில் ஆணியடித்தல் ஆகாது.

எச்சரிக்கையும் வேண்டும். உதிர்ந்தனவற்றையே பொறுக்குதல் பொதுவிதி. தில்லையின் பால் கண்ணுக்குக் கொடியது. பிச்சாவரத்திற்கு அழைத்துச் செல்வோர் அதனைக் காட்டலாமேயன்றித் தொடவிடலாகாது. எருக்கும் கள்ளியும் அரளியும் அவ்வாறே விலக்கத்தக்கன. பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். ஆதலின் அதனைக் கைவேலைக்குத் தருதல் தவறு. முந்திரியின் இலையும் பட்டையும் போதும். போர்த்துக்கீசியரால் பிரேசிலிலிருந்து வந்த அம்மரத்தை அயல்மரம் என நாம் தள்ளவில்லை. பிள்ளை ஏறி விளையாடும் மரம் எந்நாட்டினின்று வந்தாலும் அப்பிள்ளையின் மரமே. ஊசியிலை மரத்தை நாம் வேண்டாவென்பது அதன் பிறப்பிடம் கருதியன்று, பிள்ளையின் கைக்கு எட்டாமை கருதியே.

இவ்வட்டாரத்தில் இன்னொரு கடமையும் ஆசிரியரை எதிர்நோக்கி நிற்கின்றது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், பண்ணுருட்டி முதலான இடங்களின் பலாவையும் முந்திரியையும் பெருவாரியாக வேரோடு சாய்த்தது. இன்று முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அதன்பின் பிறந்தோர். சாய்ந்த தோப்புகளை அவர்கள் அறியார். 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களுக்காகவும் வயலும் தோப்பும் ஊரும் இடம்பெயர்ந்தன. அங்குத் தோண்டப்படும் பழுப்பு நிலக்கரியே கோடிக்கணக்கான ஆண்டுகட்குமுன் புதையுண்ட மரமும் செடியுந்தான். மரநார் இன்னும் புலப்படும் துண்டுகளும் அதனிடையே உண்டு. அத்தகைய துண்டு ஒன்று கிடைப்பின் பட்டைப்படிகளோடு வகுப்பில் வைக்கத் தக்கது.

இவற்றை மனத்திற்கொண்டு, மேல்வகுப்புப் பிள்ளைகள் ஊரின் மரப்படம் ஒன்று வரையலாம். தெருக்களைக் கோடாக இட்டு, நிற்கும் மரங்கட்குப் பச்சைவட்டமும், தாத்தா பாட்டியரைக் கேட்டறிந்த இல்லாத மரங்கட்கு வெறுவட்டமும் இட்டு, அருகே மரத்தின் பெயரும் அது போன ஆண்டும் எழுதுதல் வேண்டும். புயலோ, சாலையோ, சுரங்கமோ, வீட்டு மனையோ, காரணத்தையும் ஒரு சொல்லால் குறிக்கலாம். முதியோர் ஆண்டை நினைவுகூராவிடில், 'இன்னார் திருமணத்திற்கு முன்' என்று எழுதினும் குற்றமில்லை. புதிதாய் நட்டவற்றுக்குச் சிறுபுள்ளி. ஐந்தாம் வகுப்பினர் பள்ளியை விட்டு நீங்கும் நாளில், அப்படத்தை நான்காம் வகுப்பினரிடம் ஒப்படைத்துச் செல்லலாம். அவ்வாண்டில் வட்டமாக வளர்ந்த புள்ளிகள் எத்தனை, வெறுவட்டமானவை எத்தனை என்று எண்ணித் திருத்துவது பெற்றுக்கொண்டவர்களின் முதல் வேலை.