மணலில் ஒளிந்திருக்கும் மைக்ரோ பிளாஸ்டிக்கை எண்ணுவது எப்படி? வைகை அணைக்கு இது ஏன் முக்கியம்?

வைகை அணையில் தண்ணீர் இறங்க இறங்க, கரையில் குப்பை ஒரு கோடாக ஒதுங்கும். செத்தை, பழைய செருப்பு, தண்ணீர் பாட்டில், கிழிந்த கேரி பேக். அதையெல்லாம் பொறுக்கிட்டா மணல் சுத்தமாயிடுச்சுன்னு தோணும். கைக்குச் சிக்காத துண்டுகள் மணலுக்குள் இருந்தால்? அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. கடற்கரைகளுக்காக உருவான முறைதான், அணைக்கரைக்கும் பொருந்தும்.

எப்படி எடுக்கிறார்கள்?

5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துண்டுதான் மைக்ரோ பிளாஸ்டிக். குப்பை ஒதுங்கிய கோட்டில் 100 மீட்டர் தூரத்தைத் தேர்வு செய்து, குறைந்தது 5 இடங்களில் சதுரச் சட்டம் வைத்து, மேல் 5 சென்டிமீட்டர் மணலை மட்டும் அள்ளுவார்கள். உலோகக் கரண்டிதான், பிளாஸ்டிக் கரண்டியே தேய்ந்து கணக்கில் சேர்ந்துவிடும் இல்லையா?

அடுத்தது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்குப் பழக்கமான வேலை. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டால் பதர் மிதக்கும், நல்ல மணி முழுகும். மணலையும் உலர்த்தி, உப்புக் கரைசலில் கலக்கினால் மணல் அடியில் தங்க, பிளாஸ்டிக் மேலே வரும்.

ஆனால் எல்லா பிளாஸ்டிக்கும் வராது. இங்கேதான் சிக்கல். கேரி பேக் ரகமான பாலிஎத்திலீன் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட், குழாய் செய்யும் பிவிசி இரண்டும் சாதா உப்புக் கரைசலைவிட அடர்த்தியானவை, முழுகிவிடும். அவற்றைப் பிடிக்க ஜிங்க் குளோரைடு போன்ற கனமான கரைசல் வேண்டும். அதனால் 'குறைவாகத்தான் இருக்கு' என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தக் கரைசல் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

மிதந்து வரும் இலை தழையை ஹைட்ரஜன் பெராக்சைடு கரைத்துவிடும். மிஞ்சியதை மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, எந்த வகை பிளாஸ்டிக் என்பதை அகச்சிவப்பு ஒளிக் கருவியில் உறுதி செய்வார்கள்.

வடிவம் என்ன சொல்லும்?

இழை என்றால் பெரும்பாலும் துணி துவைத்த தண்ணீர். மெல்லிய ஷீட் என்றால் கேரி பேக், வாழைத்தார் உறை, மூடாக்கு ஷீட். கெட்டித் துண்டு என்றால் உடைந்த வாளி, குடம். தெர்மாகோல் தனி வகை. உருண்டையான குருணை என்றால் தொழிற்சாலை மூலப்பொருள். 2025 மே மாதம் கொச்சி அருகே எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியபோது கன்னியாகுமரி வரை கரை ஒதுங்கியது இதுதான்.

குருணை கப்பலில் மட்டும் வருவதில்லை. 2015 மார்ச்சில் சென்னை கடற்கரையில் இருந்ததைவிட, அந்த ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் சுமார் 3 மடங்கு குருணை இருந்ததாக ஆய்வு காட்டியது. கொண்டுவந்தவை கூவமும் அடையாறும்.

அணையில் என்ன வித்தியாசம்?

கடலில் அலை ஏற்ற இறக்கம் தினமும் கோட்டை மாற்றி எழுதும். 71 அடி கொள்ளும் வைகை அணையில் மட்டம் இறங்கும்போது ஒவ்வொரு கோடும் பல நாள் அப்படியே நிற்கும். எனவே மணல் எடுத்த அன்றைய நீர்மட்டத்தையும் குறித்தாக வேண்டும். ஒருவர் 'கிலோவுக்கு இத்தனை', இன்னொருவர் 'சதுர மீட்டருக்கு இத்தனை' என்று சொன்னாலும் ஒப்பிட முடியாது. மதுரைக்குக் குடிநீர் இந்த அணையிலிருந்தும் போகிறது.